மோட்டார் கொட்டகைச் சாவி

பங்குனி மாதத்தின் கடைசி நாள் வந்தால் என் அப்பா நிலத்தை விட்டு இறங்கிவிடுவார். எங்கள் வீட்டில் அதை அப்படித்தான் சொல்வோம். காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, முந்தின சாயங்காலமே பூட்டிவைத்த மோட்டார் கொட்டகையின் சாவியைத் துண்டின் முனையில் முடிந்துகொண்டு கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் ஏறுவார். கள்ளக்குறிச்சியில் ஒரு பஸ், விழுப்புரத்தில் ஒரு பஸ் என்று மாறி, புதுச்சேரியில் நிலத்துக்காரர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மதியம் ஆகிவிடும். சாவியை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு வருவார். சித்திரை ஏழாம் நாள் மறுபடியும் போவார். நிலத்துக்காரர் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் அதே சாவியை வைத்து, இந்த வருஷமும் நீயே பார்த்துக்கொள் என்று கொடுப்பார். அப்பா கும்பிட்டு வாங்கிக்கொள்வார்.

இடையில் இருக்கும் அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. எங்கள் ஆடுகூட அந்தப் பக்கம் போகக் கூடாது. வாய்க்கால் கரை வழியாகப் போக நேர்ந்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார். ஏன் என்று கேட்டால், இப்போது அது நம்முடையது இல்லை என்பார். சின்ன வயதில் எனக்கு அது ஒரு நோன்பு மாதிரிதான் பட்டது. இரண்டு மூன்று முறை சித்திரை ஏழாம் நாளுக்கு என்னையும் கூட்டிப் போயிருக்கிறார். அந்த வீட்டில் முழ நீளத்துக்கு ரொட்டி தருவார்கள். மேலே தட்டினால் ஓசை வரும், உள்ளே பஞ்சாக இருக்கும். அந்த ரொட்டிக்காகவே எங்களுக்கு நிலம் வருஷா வருஷம் போய்ப் போய்த் திரும்பி வரட்டும் என்று நினைத்த கழுதை நான்.

நிலம் மூன்று ஏக்கர். கோமுகி அணைக்குக் கீழே, கிளை வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி ஓடு போட்ட ஒரு கொட்டகை, அதற்குள் மோட்டார். நிலத்துக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். புதுச்சேரிப் பக்கம் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். எங்கள் ஊரில் அவருக்குப் பெயரே சொல்தா ஐயாதான். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் அவருடைய முன்னோர்களுக்குப் பாகூர்ப் பக்கம் நிறைய நஞ்சை இருந்தது. அதில் விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் வைத்தவர்கள் என் அப்பாவின் முன்னோர்கள். வருஷம் முடிந்ததும் களத்துக் கதவின் சாவியை நிலத்துக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும், அவர் மனசு வைத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பது அங்கே அந்தக் குடும்பத்து நடைமுறை. பிரெஞ்சுக்காரன் கப்பலேறிய பிறகு அந்த நஞ்சை கைமாறிப் போனது. சொல்தா ஐயாவின் அப்பா, சல்லிசாகக் கிடைத்தது என்று இந்த மூன்று ஏக்கரை வாங்கினார். நிலத்தை வாங்கியவர் பயிர் வைக்கும் குடும்பத்தையும் பாகூரிலிருந்தே கொண்டுவந்து இறக்கினார். அப்படித்தான் நாங்கள் கச்சிராயபாளையத்துக்காரர்கள் ஆனோம். சாவி கொடுக்கும் வழக்கமும் அதே மாட்டு வண்டியில் எங்களோடு வந்துவிட்டது. இங்கே களத்துக்குக் கதவு இல்லாததால் அது மோட்டார் கொட்டகைச் சாவியாக மாறியது.

விளைந்ததில் பாதி அவர்களுக்கு. அதில் ஒருநாளும் தகராறு வந்ததில்லை. ஆனால் வேறு சில கட்டுப்பாடுகள் இருந்தன. நிலத்தில் மரம் வைக்கக் கூடாது. குடிசை போடக் கூடாது. கரும்பு போடக் கூடாது, ஏனென்றால் கரும்பு வெட்ட வெட்டத் துளிர்த்து வருஷக் கணக்கில் நிற்கும். சுற்றிலும் எல்லார் நிலத்திலும் கரும்பு ஆள் உயரம் நிற்க, நடுவில் எங்கள் நெல் மட்டும் முழங்கால் உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும். கிணற்றோரம் காக்கை போட்ட வேப்பங்கொட்டை முளைத்தால் அப்பா ஓடிப்போய்ப் பிடுங்கி எறிவார். மதியச் சோற்றுக்கு ஒதுங்க அந்த மூன்று ஏக்கரில் கொட்டகை நிழலைத் தவிர வேறு நிழல் கிடையாது. கிராம நிர்வாக அலுவலர் பயிர்க் கணக்கு எழுத அடங்கல் புத்தகத்தோடு வந்து, பயிர் வைத்தது யார் என்று கேட்டால், ஐயா பேரிலேயே எழுதுங்கள் என்பார் அப்பா. சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு இருக்கும். நாற்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் எழுதினார்கள்.

நான் சங்கராபுரத்தில் ஒரு பத்திரம் எழுதும் கடையில் டைப் அடிக்கிறேன். மணமாகி, பிறந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். கிரயம், பாகப் பிரிவினை, குத்தகை என்று எத்தனையோ அடித்திருக்கிறேன். அடிக்கும்போது மனசு எங்கோ இருக்கும், விரல் தானாக ஓடும். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வக்கீல், தன் கட்சிக்காரருக்காக ஒரு மனு சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டிருந்தேன். குத்தகைக்காரர் வருஷத்துக்கு ஒரு முறை நிலத்தின் சுவாதீனத்தை ஒப்படைத்துவிட்டுப் புதிதாகப் பெற்றுக்கொண்டதால் அவருக்குத் தொடர்ச்சியான அனுபவம் கிடையாது, ஆகவே எந்த உரிமையும் கிடையாது என்று ஒரு வரி வந்தது. விரல் நின்றுவிட்டது. வக்கீல் என்னம்மா என்று கேட்டார். ஒன்றுமில்லை சார் என்று அடித்து முடித்தேன். அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு அந்த நீள ரொட்டி ஞாபகம் வந்தது.

வந்ததும் வராததுமாக அப்பாவிடம் போய்க் கொட்டினேன். வெற்றிலை வைத்துக் கொடுப்பது மரியாதை இல்லை, நம்மை வருஷா வருஷம் வெளியேற்றிவிட்டுப் புதிதாக உள்ளே விடுவதற்கான ஏற்பாடு என்றேன். மரம் வைக்கவிடாததும் அதற்குத்தான், கரும்பு போடவிடாததும் அதற்குத்தான், அடங்கலில் நீயே உன் கையால் உன் பெயரை அழித்துக்கொண்டாய் என்றேன். அப்பா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கலக்குவதை நிறுத்தவில்லை. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"அவுரு நம்பிக் குடுத்துக்கினு இருக்காரு. நீ டைப் அடிச்சத வெச்சிக்கினு எங்கிட்ட வராத."

அதற்குப் பிறகு பத்து நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அம்மாதான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கினாள். சொல்தா ஐயா இருக்கும்வரை ஒன்றும் ஆகாது என்று நானும் பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் சொல்தா ஐயா இறந்துபோனார். அப்பா போய் அடக்கத்துக்கு நின்றுவிட்டு வந்தார். வந்தவர் நவரைப் பட்டத்துக்கு நாற்று விடவில்லை. விதை மூட்டை வீட்டில் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மார்கழி பிறந்து ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் மனிதர் அசையவில்லை. பெரியவர் போய்விட்டார், இனி உத்தரவு பாப்பா கொடுக்க வேண்டும் என்றார். பாப்பா என்றது சொல்தா ஐயாவின் மகளை. அந்த அம்மாளுக்கு என் வயதுதான், நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. பிரான்சில் குடும்பத்தோடு இருக்கிறார். அவருக்குப் போன் போட்டுப் போட்டு, அவர் ஒருநாள் எடுத்து, சரி எப்போதும் போலச் செய்யுங்கள் என்று சொன்ன பிறகுதான் அப்பா விதையை ஊற வைத்தார். அதற்குள் தை பிறந்துவிட்டது. மற்ற வருஷங்களில் பங்குனி பாதியில் அறுத்து, தூற்றி, பாதி நெல்லை வண்டியேற்றிவிட்டு நிலத்தை வெறுமையாக்கித்தான் சாவியைக் கொடுப்பார். அந்த வருஷம் பங்குனி கடைசியில் பயிர் பூத்துப் பால் பிடித்துக்கொண்டிருந்தது. உத்தரவுக்காகக் காத்திருந்து ஏற்பட்ட தாமதம் அது. யாருக்காகக் காத்திருந்தாரோ அவர்களே அந்த நேரத்தில்தான் வந்தார்கள்.

முதலில் புரோக்கர் வந்தார். கார் வாய்க்கால் பாலத்தோடு நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர், வரப்பில் நின்றே நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். கல்வராயன் மலை பின்னால் தெரியும்படி ஒன்று எடுத்தார். மலைப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் வருவதால் இங்கே தங்கும் விடுதி கட்ட ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். அப்பாவிடம் மரியாதையாகத்தான் பேசினார். நிலத்துக்கார அம்மா புதுச்சேரி வந்திருக்கிறார்கள், எப்போதும் போலப் பங்குனி கடைசியில் சாவியைக் கொண்டுவந்துவிடுங்கள், கூடவே இதில் ஒரு கையெழுத்து போட்டுக் கொண்டுவாருங்கள் என்று ஒரு தாளை நீட்டினார். அப்பா அதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். மேற்படி நிலத்தில் தான் காவலாளாக மட்டுமே இருந்து வந்ததாகவும், காவலை இன்றோடு விட்டு நீங்கியதாகவும், பயிர் செய்யும் உரிமை ஏதும் தனக்கு இல்லை என்றும் அப்பா சொல்வதாக அதில் இருந்தது. நான் படித்துக் காட்டினேன். இந்தச் சாவியும் இந்தக் கையெழுத்தும் போனால் நிலம் போய்விடும், நீ இனி கரும்பு வெட்டக் கூலிக்குத்தான் போக வேண்டும் என்று பச்சையாகச் சொன்னேன். அவருக்கு எழுபது வயது.

கையெழுத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். கொடுத்தால்தானே வாங்க முடியும் என்றார். இந்த மனிதரோடு பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. பங்குனி கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், அப்பா வீட்டு ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். காலையில் அவர் எழுந்து குளிப்பதற்குள் நான் சங்கராபுரம் பஸ்ஸில் இருந்தேன்.

பத்து மணி இருக்கும். கடை வாசலுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அப்பா நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. உள்ளே வரவில்லை. கூப்பிடவில்லை. நான் பார்த்ததைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் குனிந்து டைப் அடித்தேன். அரை மணி கழித்து நிமிர்ந்தால் அதே இடத்தில் நிற்கிறார். பங்குனி வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பக்கத்து டீக்கடைக்காரர் பெஞ்சில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எங்கள் கடை முதலாளி, அது உங்கள் அப்பாதானே, என்னம்மா விஷயம் என்று கேட்டார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். சும்மா வெயிலில் நிற்கிற மனிதரை என்ன செய்வது. பதினொன்றரைக்கு நான் தோற்றுப்போனேன். லீவு சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் சாவியை நீட்டினேன். வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார். நானும் வருவேன் என்றேன். வா என்றார்.

புதுச்சேரி போய்ச் சேரும்போது சாயங்காலம் நாலு மணி. பெரிய கதவு, உயரமான ஜன்னல், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த அந்த வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டிக் கிடந்தது. பாப்பா எங்களை உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை, அதனால் நானும் உட்காரவில்லை. அந்த அம்மாளை ராட்சசி என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவர் அப்படி இல்லை. கண்ணெல்லாம் வீங்கி, தூக்கமில்லாத முகத்தோடு இருந்தார். அண்ணன் தம்பிகள் பிரான்சிலிருந்து தினமும் போனில் விரட்டுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை தனக்கு விமானம் என்றார். புரோக்கர் ஓரத்து நாற்காலியில் போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

அப்பா துண்டை அவிழ்த்து, இரண்டு கையாலும் சாவியைக் கொடுத்தார். அந்த அம்மாள் ஒரு கையால் வாங்கி, மேஜையில் மருந்து மாத்திரைகளுக்கும் தன் போனுக்கும் நடுவில் வைத்தார். அவர் அப்பா அதை எங்கே வைப்பார் என்று அவருக்குத் தெரியாது. சாமி படத்துக்குக் கீழே வைப்பார். என் அப்பா அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்திரை ஏழுல வந்து வாங்கிக்கிறேன் பாப்பா. பயிரு பால் புடிச்சிருக்கு. நாலு நாளுக்கு மேல தண்ணி இல்லாம தாங்காது. அதனால இந்த வாட்டி மட்டும் மூணாம் நாளே வரட்டுங்களா?"

அந்த அம்மாள் புரோக்கரைப் பார்த்தார். இனி வர வேண்டியதில்லை பெரியவரே, பயிருக்கு என்ன உண்டோ அதைப் பார்த்துச் செய்துவிடலாம், அந்தத் தாள் எங்கே என்று புரோக்கர் கேட்டார். நான் என் பையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். கையெழுத்து இல்லாத தாள். புரோக்கர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அப்பாவின் முன்னால் நீட்டினார். யாராவது கொடு என்றால் அப்பா எதையும் கொடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். ஒரு நொடி கழித்துத்தான் அப்பா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பதைப் பார்த்தேன்.

"நான் காவலாளு இல்லீங்க. பயிரு வெக்கிறவன். ஐயாவுக்கு அது தெரியும்" என்றார்.

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். சாவியைக் கொடுத்தாகிவிட்டது, கையெழுத்து இல்லாவிட்டால் என்ன என்று புரோக்கர் சிரித்தார். நாங்கள் வெளியே வந்தோம். ரொட்டி யாரும் தரவில்லை. பஸ்ஸில் அப்பா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து துண்டின் முனையை முடிந்து முடிந்து அவிழ்த்துக்கொண்டு வந்தார். அதில் முடிய ஒன்றும் இல்லை.

சித்திரை பிறந்தது. வாய்க்காலில் அந்த மாதம் தண்ணீர் வராது. கிணறுதான் கதி, கிணற்று மோட்டார் பூட்டுக்குள் இருந்தது. இரண்டாம் நாள் நான் வாய்க்கால் கரையில் போய்ப் பார்த்தேன். மண் வெளுத்திருந்தது. நான்காம் நாள் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு தெரிந்தது, கதிரின் நுனி வெளிறத் தொடங்கியிருந்தது. அப்பா அந்தப் பக்கமே வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தினமும் பாப்பாவுக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. அம்மா அழுதாள். ஏழாம் நாள் போய் வாங்கி வருகிறேன் என்று அவளிடமும் அதையே சொன்னார். ஏழாம் நாள் அங்கே யார் இருப்பார்கள், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மாளுக்கு விமானம் என்று நான் கத்தினேன். அவர் மாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பை மறைக்க விரும்பவில்லை. நிலத்துக்காரர்மேல் வந்ததைவிட அது அதிகமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் மும்முனைக் கரண்ட் வரும் நேரம் பார்த்து, வீட்டிலிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்துக் கரும்பில் தோகை உரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வரப்பிலிருந்து நிலத்துக்குள் இறங்கினேன். பத்திரக் கடையில் எத்தனையோ பேருக்கு அத்துமீறி நுழைந்ததாக மனு அடித்துக் கொடுத்தவள் நான். பூட்டில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன், வரவில்லை. ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் என் கட்டை விரல் நசுங்கியது, நான்காவது அடியில் கொண்டி பிய்ந்துகொண்டு வந்தது. உள்ளே போய் ஸ்டார்ட்டரைத் தட்டினேன். மோட்டார் முனகி, ஓடத் தொடங்கியது. குழாயில் தண்ணீர் முதலில் துப்பி, பிறகு கொட்டியது. விரலில் ரத்தத்தோடு அங்கேயே நின்று அழுதேன்.

அழுகை முடிவதற்குள் அடுத்த வினை வந்தது. எனக்கு டைப் அடிக்கத் தெரியும், மடை மாற்றத் தெரியாது. தண்ணீர் எந்தப் பாத்திக்கு முதலில் போக வேண்டும், எதை அடைத்து எதைத் திறக்க வேண்டும் என்று ஒன்றும் புரியவில்லை. ஒரு மடையை வெட்டினேன், தண்ணீர் மேல் பாத்திக்குப் போகாமல் திரும்பிக் கீழே பாய்ந்தது. கீழ்ப் பாத்தி வரப்பு உடைந்து, பால் கதிர் கொத்தாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. கையால் மண்ணை அள்ளி அடைத்தேன். அடைக்க அடைக்க அறுத்துக்கொண்டு போனது.

மோட்டார் ஓடும் சத்தம் வீடு வரை கேட்கும். நிமிர்ந்து பார்த்தபோது அப்பா வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தார். கையில் மண்வெட்டி இருந்தது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கரைக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரே எட்டுதான். வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். சாய்ந்து விழும் பயிரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அப்புறம் அந்த ஒரு எட்டை வைத்து இறங்கினார்.

"மட மாத்தத் தெரியாதவளுக்கு இன்னாத்துக்குடி மோட்டாரு? நவுரு" என்றார்.

நாலு வெட்டு வெட்டினார். உடைப்பு நின்றது. தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டு மேல் பாத்திக்குத் திரும்பியது. கரண்ட் போகும் வரை அவர் என்னைத் திட்டிக்கொண்டே பாய்ச்சினார். விரலைக் கட்டிக்கொள்ளச் சொல்லித் தன் துண்டின் முனையைக் கிழித்துக் கொடுத்தார். எந்த முனை என்று சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் அவர் கச்சிராயபாளையம் கடைத்தெருவுக்குப் போய் ஒரு புதுப் பூட்டு வாங்கி வந்தார். அதற்கு இரண்டு சாவி. ஒன்றை ஆணியில் மாட்டினார். இன்னொன்றைப் புதுச்சேரிக்கு அனுப்ப வேண்டும் என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிலம் அவர்களுடையது, அவர்கள் பூட்டை நாம் உடைத்திருக்கிறோம், சாவி கொடுக்காமல் இருந்தால் அது திருட்டு என்றார். அந்த அம்மாளின் விமானம் தள்ளிப்போய் அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று அந்த வீட்டு வேலைக்காரம்மாவிடம் போனில் கேட்டும் வைத்திருந்தார். சண்டை போட்டுக்கொண்டே இருந்த எனக்கு நடுவில் மூளை வேலை செய்தது. சரி அனுப்பு, ஆனால் பதிவுத் தபாலில் அனுப்பு, ஒரு கடிதமும் வை, நீ சொல், உன் கையாலேயே எழுது என்றேன். அவர் ஒரு மணி நேரம் எழுதினார். பயிர் காய்ந்ததால் பூட்டை உடைக்கும்படி ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும், புதுப் பூட்டு போட்டிருக்கிறது, ஒரு சாவி உங்களுடையது, ஒரு சாவி என்னிடம் இருக்கிறது, அறுவடை ஆனதும் உங்கள் பாதி வந்து சேரும். கையெழுத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று கேட்டார். பயிரிடும் குத்தகைதாரர் என்று எழுதச் சொன்னேன். அந்த வார்த்தையை அவர் வாழ்க்கையில் முதல் முறையாக எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது.

பத்து நாளில் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பெற்றுக்கொண்டவர் இடத்தில் அந்த அம்மாளின் கையெழுத்து, பிரெஞ்சு எழுத்தில். அவர் அதை ஏன் வாங்கிக்கொண்டார், திருப்பி அனுப்பியிருக்கலாமே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தையும் அந்த நிலத்தையும் சேர்த்துச் சொல்கிற தாள் என்று எங்களிடம் இருப்பது அந்தக் கடிதத்தின் நகலும் அந்த அட்டையும்தான். இரண்டையும் வைத்துக் குத்தகை உரிமையைப் பதிவு செய்யச் சொல்லி மனு போட்டேன். நானே அடித்தேன். விசாரணை நடக்கிறது. புரோக்கர் தரப்பில் எதிர்த்து மனு போட்டிருக்கிறார்கள். நெல்லில் நிலத்துக்காரர் பாதியை அப்பா தனியாக மூட்டை பிடித்து வைத்திருந்தார், ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். மனு ஜெயிக்குமா தோற்குமா என்று என்னால் சொல்ல முடியாது. தோற்றால் போய்விடும், அவ்வளவுதான். விடுதிக்காரர் இன்னும் காத்திருக்கிறார்.

இந்த வருஷம் பங்குனி கடைசி நாள் வந்தது. காலையில் நேராக அப்பா வீட்டுக்குத்தான் போனேன். ஆணியில் சாவி இல்லை. அம்மாவைக் கேட்டால், குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன், அங்கே இல்லை. டவுன் பஸ் போய்விட்டது என்றார்கள். கள்ளக்குறிச்சிக்கு ஆட்டோ பிடிக்கலாமா என்று நினைத்துக்கொண்டே, எதற்கும் பார்த்துவிடலாம் என்று வாய்க்கால் கரைக்கு வந்தேன்.

கொட்டகை வாசற்படியில், அந்தத் துண்டு நிழலில், அப்பா உட்கார்ந்திருந்தார். அறுத்து முடித்த நெல்லின் அடித்தாள் மஞ்சளாகக் கிடந்தது. கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. சாவி அவர் உள்ளங்கையில் இருந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். பஸ் ஏறிவிட்டாய் என்று நினைத்தேன் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பங்குனி கடைசி நாளுல இந்த நெலம் எப்டி இருக்கும்னு நான் பாத்ததே இல்லம்மா" என்றார். "இவ்ளோ கொக்கு வருமா?"

படியில் அவர் பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன்.